‘போயிட்டு வரேன்’ என்று சொல்லும் முன்

இந்த ஆண்டு இறுதியில் நம் மலேசியக் குழு தமிழ்நாட்டுக்குப் போகும் தொண்டுப் பயணத்துக்குப் புதிதாகப் பெயர் கொடுத்திருக்கும் உங்களிடம், பையில் என்ன வைக்க வேண்டும், எந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும், பிள்ளைகளைப் படம் எடுக்கலாமா கூடாதா என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். என்னிடம் நீங்கள் கேட்டது வேறு. “மிஸ்ஸி, உங்க அனுபவத்துல இருந்து ஏதாவது எழுதிக் குடுங்க” என்றீர்கள்.

யோசித்துப் பார்த்தேன். இத்தனை பயணங்களுக்குப் பிறகு எனக்கு எழுதத் தோன்றுவது ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான். அந்தச் சொல் உங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூட அதைச் சொல்லியிருப்பீர்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக முதலில் சில வரிகள். நான் குளுவாங்கில் அரசாங்கப் பல் மருத்துவப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். நம் ஊரில் தாதிகளை மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. வேலைக்காலம் முழுவதும் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளின் வாயைப் பார்த்தவளுக்கு, விழுப்புரத்திலிருந்து உள்ளே தள்ளி, கரும்பு வயல்களுக்கு நடுவில், நம் குழு போகும் சிறுமியர் இல்லத்திலும் அதே வேலைதான் கிடைத்தது. பக்கத்து ஊரிலிருந்து பல் மருத்துவர் ஒருவர் வருவார். நான் அவருக்கு உதவியாக நிற்பேன். பிள்ளைகள் எனக்கு ‘பல்லு டாக்டரம்மா’ என்று பெயர் வைத்தார்கள். நான் டாக்டர் இல்லை என்று திருத்தினேன். மறுநாள் முதல் ‘பல்லம்மா’ ஆனேன். அதைத் திருத்தவில்லை.

இல்லத்தை நடத்திய காப்பாளரைப் பிள்ளைகள் பெரியம்மா என்று அழைத்தார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம்.

முதல் பயணத்தின் முதல் காலையை நான் மறக்கவில்லை. எங்கள் குழுவில் ஜொகூர் பாருவைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் இருந்தார். ஆள் நல்ல உயரம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்த கூடத்தில் போய் நின்று, நம் வழக்கப்படி, “எல்லாரும் பசியாறிட்டீங்களா?” என்று கேட்டார். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு குட்டிப் பெண் எழுந்தாள்.

“பசி என்ன காப்பியா அங்கிள், ஆறிப்போறதுக்கு?”

கூடமே சிரித்தது. காலை உணவுக்கு நாம் சொல்லும் சொல் அது என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. அதன் பிறகு நாங்கள் கிளம்பும்வரை, அவர் எங்கே போனாலும் ஒருத்தியாவது பின்னால் வந்து, “அங்கிள், பசி ஆறிடுச்சா, இல்ல சூடு பண்ணித் தரணுமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நான் நினைத்தேன், நமக்கும் அவர்களுக்கும் இடையே வரக்கூடிய தொல்லை இவ்வளவுதான் என்று. வேறு நாடுகளிலிருந்து வரும் தொண்டர்கள் மொழி தெரியாமல் கையால் பேசுகிறார்கள். நமக்குத் தமிழ் இருக்கிறது, ஒன்றிரண்டு சொல் மாறும், சிரித்துவிட்டுப் போகலாம். தெரியாத சொல்லைப் பொறுத்தவரை நான் நினைத்தது சரிதான். இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும் ஒரு சொல்தான் எங்களைச் சிக்கவைத்தது.

ஷர்மிளா எங்களோடு வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. பாசிர் கூடாங்கில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் ஷிப்ட் வேலை பார்த்த பெண். விடுப்பைச் சேர்த்துவைத்து வந்திருந்தாள். ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த சௌமியாவுக்கு ஒரு பல் சொத்தையாகி, எடுக்க வேண்டியிருந்தது. சௌமியா வாயைத் திறக்கவே இல்லை. ஷர்மிளா போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வலிக்குமா அக்கா?”

ஷர்மிளா வாய் திறப்பதற்குள் நான் அவள் காலை மிதித்தேன். “வலிக்கும் கண்ணு” என்றேன். “ஊசி போடும்போது கொஞ்சம் வலிக்கும். நான் எண்ணுவேன். எண்ணி முடிக்கிறதுக்குள்ள போயிடும்.”

சௌமியா என்னை ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள்.

வெளியே வந்ததும் ஷர்மிளா கேட்டாள். “என்ன மிஸ்ஸி, பிள்ளையைப் போய் பயமுறுத்துறீங்க?”

“வலிக்காதுன்னு சொல்லி ஊசி போட்டா இன்னைக்கு வேலை முடிஞ்சிடும். அடுத்த தடவை அது யாருக்கும் வாயைத் திறக்காது” என்றேன். பல் நாற்காலியின் பக்கத்தில் நின்று நான் கற்ற பாடம் அதுதான். பல்லுக்கு மட்டுமான பாடம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

அந்தப் பல்லுக்குப் பிறகு சௌமியா ஷர்மிளாவை விட்டு நகரவில்லை. கணக்குப் போடுவது, தலை பின்னுவது, துணி துவைப்பது எல்லாம் சேர்ந்தேதான். ‘அலமாக்’ என்று மலாயில் வியக்கக் கற்றுக்கொண்டாள். சோறு குழைந்திருந்தால் அலமாக். மழை வந்தால் அலமாக். நம்மைப்போலவே வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு ‘லா’ போட்டாள். பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். “ஒரு ஊருத் தமிழே இவளுக்குச் சரியா வரல, இப்ப ரெண்டு ஊருத் தமிழ்.”

கிளம்பும் நாள் வந்தது. வேன் வாசலில் நின்றது. ஷர்மிளா சௌமியாவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

“சரிடா, போயிட்டு வரேன்.”

“எப்போ?”

“வந்துருவேன் லா.”

அந்த ‘லா’வைக் கேட்டுச் சௌமியா சிரித்தாள். எல்லோரும் கையசைத்தோம். அதையே எல்லோரும் சொன்னோம். வேன் கிளம்பியது.

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். இல்லைதான். ‘போறேன்’ என்று சொல்ல நமக்கு நாக்கு எழாது. துக்க வீட்டிலிருந்துதான் சொல்லாமல் கிளம்புவோம். மற்ற எல்லா வாசலிலும் போயிட்டு வரேன்தான். ஜொகூர் பாருவில் விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போகிறவர்கள் வாசலில் சொல்வதும் அதுதான். மாலையில் அவர்கள் வந்துவிடுகிறார்கள். தினமும் உண்மையாகிற சொல்லை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

அடுத்த மே மாதக் கடைசியில், குளுவாங் சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தபோது பெரியம்மாவின் அழைப்பு வந்தது. நலம் விசாரித்து முடிவதற்கு முன்பே அவர் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

அந்த இல்லத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் பிள்ளைகளை வைத்துக்கொள்வார்கள். ஆறாம் வகுப்புக்கு வேறு ஊரில் இருக்கும் பெண்கள் விடுதிக்கு அனுப்ப வேண்டும். சௌமியாவுக்கு அங்கே இடம் கிடைத்திருந்தது. அவளுடன் பிறந்தவள் அதே விடுதியில் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். இரண்டு பிள்ளைகளையும் ஒரே கூரையின் கீழ் சேர்க்கத்தான் பெரியம்மா அவ்வளவு காலம் அலைந்தார். பள்ளி திறந்து ஒரு வாரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் காத்திருக்கும் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும்.

“சௌமியா கிளம்ப மாட்டேங்கிறாம்மா” என்றார். “பெட்டியைக் கட்டினா அவுத்துப் போடுறா. திட்டிப் பார்த்துட்டேன், கெஞ்சியும் பார்த்துட்டேன். ஷர்மிளா அக்கா வரேன்னு சொல்லியிருக்காங்க, வரும்போது நான் இங்க இல்லாட்டி என்னை எப்படிக் கண்டுபிடிப்பாங்கன்னு கேக்குறா. சொந்த அக்கா அங்க இவளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கா. இவ மலேசியா அக்காவுக்காக இங்க காத்துக்கிட்டு இருக்கா.”

“அது சும்மா வழக்கமா சொல்றதுதானே பெரியம்மா. இத்தனை மாசமாவா மனசுல வச்சிருக்கா?”

பெரியம்மா குரலைத் தணித்துக்கொண்டார்.

“இங்க இருக்கிற பிள்ளைங்களுக்கு வீட்டு ஆளுங்க கடைசியா சொன்ன வார்த்தை அதுதாம்மா. போயிட்டு வரேன்னு சொல்லாம யாரும் விட்டுட்டுப் போனதில்ல. சௌமியாவோட அம்மாவும் அதே வாசல்ல நின்னு அதைத்தான் சொல்லிட்டுப் போச்சு.”

மீன்காரர் பையை நீட்டிக்கொண்டு நின்றார். வாங்க எனக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பெரியம்மா வெளியே கிளம்பும்போது, “பேங்க் வரைக்கும் போறேன். மதியச் சாப்பாட்டுக்கு வந்துருவேன்” என்பார். சொந்த ஊருக்குப் போனால், “இன்னைக்கு வரமாட்டேன். நாளைக்குச் சாயங்காலம் வருவேன்” என்பார். சொன்னபடி வருவார். எங்களில் சிலர் அதைக் கேட்டு, பெரியம்மாவின் பேச்சு கொஞ்சம் வெடுக்கென்று இருக்கிறது என்று தமக்குள் பேசிக்கொண்டதுண்டு. பிள்ளைகளுக்காகத்தான் அவர் அப்படி எண்ணிப் பேசுகிறார் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

“எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே பெரியம்மா.”

“ஊருக்குக் கிளம்புறவங்ககிட்டப் போயி, வரேன்னு சொல்லாதீங்கன்னு எப்படிம்மா சொல்றது? எனக்கும் வாய் வரலையே.”

அன்று மாலையே ஷர்மிளாவிடம் போனில் பேசினேன். அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது. திருமணமும் நிச்சயமாகியிருந்தது. அந்த ஆண்டு பயணத்துக்கு வர வழியில்லை. அடுத்த ஆண்டைப் பற்றி அவளுக்கே தெரியவில்லை. நான் சொன்னதைக் கேட்டு முதலில் அழுதாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள்.

“ஈசிதான் மிஸ்ஸி. நான் போன் பண்றேன். நீ அந்த ஹாஸ்டலுக்குப் போ, அக்கா அங்க வந்து உன்னைப் பார்க்கிறேன்னு சொல்லிடறேன். உடனே கிளம்பிடும்.”

கிளம்பிவிடும் என்பது எனக்கும் தெரியும். பெரியம்மாவிடம் சொன்னபோது அவரும் சற்று யோசித்துவிட்டு, “அப்படியே சொல்லட்டும்மா. முதல்ல பிள்ளை போய்ச் சேரட்டும். மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். சொல்லை அவ்வளவு எண்ணிச் செலவழிக்கும் அவரே அப்படிச் சொன்னார் என்றால், அந்த இடம் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் அவருக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று பாருங்கள்.

நெருக்கடியில் முடிவெடுப்பது பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு இந்த இடத்தைத்தான் காட்டுவேன். ஒரு வாரம்தான் இருந்தது. நிச்சயம் பலிக்கும் ஒரு வழி கையில் இருந்தது. அதை எடுத்திருந்தால் இன்று யாரும் எங்களைக் குறை சொல்லப்போவதில்லை. எனக்குச் சௌமியாவின் திறந்த வாய் நினைவுக்கு வந்தது. வலிக்கும் என்று சொன்னதால் திறந்த வாய் அது. இங்கே வருகிறேன் என்பதை அங்கே வருகிறேன் என்று மாற்றிச் சொன்னால், அந்த விடுதி வாசலிலும் அவள் நிற்பாள். பன்னிரண்டாம் வகுப்பு வரை நிற்பாள். கடைசியில் யார் சொல்வதையும் நம்பாத பெண்ணாகி வெளியே வருவாள்.

அன்றிரவே அவளை மறுபடி அழைத்து, “வேணாம் ஷர்மிளா” என்றேன். “வரமாட்டேன்னு சொல்லு.”

“மிஸ்ஸி, எப்படி அப்படிச் சொல்றது?”

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அவள் அம்மா குறுக்கே வந்தார். “பிள்ளைகிட்டப் போயி போறேன், வரமாட்டேன்னெல்லாம் சொல்லுவாங்களா? அதுவும் கல்யாணம் வச்சிருக்கிற வீட்டுல. வாயைக் கழுவுங்க மிஸ்ஸி.”

அவரைக் குறை சொல்ல முடியாது. என் அம்மாவும் அதையே சொல்லியிருப்பார். இரண்டு நாள் ஷர்மிளாவிடமிருந்து பதில் வரவில்லை. நானும் அழைக்கவில்லை. சொல்லப்போகிறவள் அவள், முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாசிர் கூடாங்கிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “வீட்டுல இருந்து பேச முடியாது மிஸ்ஸி. இங்க இருந்து பேசறேன்.”

சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை ஒரு டப்பாவின்மேல் சாய்த்துவைத்தோம். திரையில் பெரியம்மா, பக்கத்தில் சௌமியா. முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. ஷர்மிளாவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“அக்கா, எப்ப வர்றீங்க?”

ஷர்மிளா மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சௌமியா, அக்கா சொல்றதைக் கேளுடா. நான் வரேன்னு சொன்னேன்ல. அது எங்க வீட்டுல தினமும் சொல்றது. வேலைக்குப் போனா சொல்லுவோம், கடைக்குப் போனா சொல்லுவோம். யோசிக்காம சொல்லிட்டேன். நான் வரமாட்டேன்டா. இந்த வருஷம் வரமாட்டேன். அப்புறம் வருவேனான்னு எனக்குத் தெரியாது. நீ எனக்காகக் காத்திருக்க வேணாம்.”

சிரிப்பு உடனே போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று.

“அப்ப ஏன் சொன்னீங்க?”

“பழக்கத்துல சொல்லிட்டேன்.”

“பழக்கம்னா, எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களா?”

“ஆமா.”

“என்கிட்ட மட்டும் சொல்லலையா?”

“இல்லடா.”

சௌமியா எழுந்தாள். “போங்க” என்றாள். திரையில் அவள் உட்கார்ந்திருந்த இடம் காலியாகத் தெரிந்தது. எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஷர்மிளா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். செய்தது சரியா என்று எனக்கும் அந்த நேரத்தில் தெரியவில்லை. இதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. சரியான முடிவை எடுத்தவுடன் மனசு லேசாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெரியம்மாதான் பேசினார். “அழாதம்மா ஷர்மிளா. கோவம் வந்துருச்சு அவளுக்கு. இத்தனை நாளா எத்தனை திட்டுத் திட்டினேன், கோவமே வரல. சாமி மாதிரி உக்காந்திருந்தா. கோவம் வந்தா கால் நகரும்.”

கால் நகர்ந்தது, உடனே அல்ல. இரண்டு நாள் அவள் யாருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள் தன் பெட்டியைத் தானே கட்டினாள். கெடு முடிய அப்போது ஒரே நாள் மீதி. அன்று நடந்ததைப் பெரியம்மா எனக்குக் குரல்பதிவாக அனுப்பினார். அதை நானும் ஷர்மிளாவும் பலமுறை கேட்டிருக்கிறோம்.

ஆட்டோ வந்து நின்றிருக்கிறது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் வாசலில் கூடியிருக்கிறார்கள். சௌமியா கேட்டைத் தாண்டப்போனவள் நின்று, பெரியம்மாவைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

“பெரியம்மா, நான் போயிட்டு வரேன்னு சொல்லலாமா?”

“காலாண்டு லீவுக்கு இங்க வருவியா?”

“கூட்டிட்டு வருவீங்களா?”

“வந்து கூட்டிட்டு வருவேன்.”

“அப்ப வருவேன்.”

“அப்ப சொல்லு.”

சொல்லிவிட்டு ஏறினாளாம். காலாண்டு விடுமுறைக்குப் பெரியம்மா போனார். அக்காவும் தங்கையுமாக இரண்டு பேரையும் கூட்டி வந்தார்.

அதிலிருந்து நம் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாளுக்கு முந்தின நாள், பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போது, நாளைக்குக் காலையில் நாங்கள் ஊருக்குப் போகிறோம் என்று சொல்வோம். அடுத்த ஆண்டு இந்தக் குழுவிலிருந்து யாராவது வருவார்கள், ஆனால் யார் என்று தெரியாது என்றும் சொல்வோம். வாசலில் ‘நல்லா இருங்க’ என்று மட்டும் சொல்வோம். முதல்முறை சொல்லும்போது பழைய சொல்தான் தானாக வாயில் வந்து நிற்கும். அபசகுனம்போல இருக்கும். உங்களில் சிலருக்கு வீட்டில் திட்டும் விழலாம். இருந்தாலும் அப்படியே சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு பயணத்தின்போது அந்த விடுதிக்கும் போனேன். சௌமியா அப்போது ஒன்பதாம் வகுப்பு. என்னைவிட உயரம். ‘லா’ போய்விட்டிருந்தது, ‘அலமாக்’ மட்டும் மிச்சம் இருந்தது, அவள் வகுப்பு முழுவதும் அதைச் சொல்கிறதாம். ஷர்மிளாவைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. கிளம்பும்போதுதான் கேட்டாள்.

“ஷர்மிளா அக்கா நல்லா இருக்காங்களா?”

“நல்லா இருக்காங்க. ஒரு பையன் பொறந்திருக்கான்.”

“நான் கேட்டேன்னு சொல்லுங்க பல்லம்மா.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். “வரமாட்டேன்னு எனக்குப் போன் பண்ணிச் சொன்னது அவங்க ஒருத்தர்தான்.”

ஷர்மிளாவிடம் அதை அப்படியே சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை சொல்லுங்க மிஸ்ஸி” என்றாள்.

பிள்ளைகளுக்கு உதவப் போகிறோம் என்று நினைத்துத்தான் எல்லோரும் கிளம்புகிறோம். நானும் அப்படித்தான் கிளம்பினேன். இப்போது கணக்குப் பார்த்தால் வாங்கிக்கொண்டு வந்ததுதான் அதிகம். வாய் வராத ஒரு சொல்லைச் சொல்வதற்காகக் கார் ஓட்டி வந்த ஷர்மிளாவுக்கும், போகும்போதெல்லாம் திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்துச் சொன்ன பெரியம்மாவுக்கும், எங்களைக் கோபித்துக்கொண்ட சௌமியாவுக்கும் நான் நன்றியுடையவள். என்னைப் பேச்சில் ஒழுங்கானவள் என்று நீங்கள் சொல்வதுண்டு. அந்த ஒழுங்கில் பாதி அந்த மூவர் கொடுத்தது.

இந்த ஆண்டு நான் வரவில்லை. என் முழங்கால்கள் நீண்ட விமானப் பயணத்துக்கும் அந்தச் சாலைகளுக்கும் இனி ஒத்துவராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இனிமேலும் வருவது சந்தேகம்தான்.

விடுதிக்குப் போவீர்கள். சௌமியா முதலில் உங்கள் பின்னால் எட்டிப் பார்ப்பாள். பிறகு பல்லம்மா எங்கே என்று கேட்பாள். நான் நலமாக இருக்கிறேன், அவளை விசாரித்தேன் என்று சொல்லுங்கள். அடுத்த வருஷம் வருவாங்களா என்றும் கேட்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்து உங்களுக்கு மனசு இளகும். இளகட்டும். வருவார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.